38 அடிப் படகும் நடுக்கடலும்: விற்பனைத் தாளில் இல்லாத கணக்குகள்

நெடுங்கடல் போகப் பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். 35 முதல் 42 அடி வரையுள்ள படகுகளில் இந்தக் கேள்விக்கான விடை படகுக்குப் படகு அதிகம் மாறுவதில்லை. காரணம் எளிய இயற்பியல். படகு நகரும்போது தனக்கென்று ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளமும் படகின் நீர்க்கோட்டு நீளமும் (நீர்மட்டத்தில் அளக்கும் படகின் நீளம்) சமமாகும்போது, படகின் முன்பகுதியான அணியம் ஒரு முகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலும் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் தானே எழுப்பிய அலைமீது ஏற வேண்டும். கனமான படகுக்கு அந்தச் சக்தி கிடையாது. நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

நான் பல ஆண்டுகளாகப் பயணிக்கும் படகு 38 அடி நீளம், 12 அடி அகலம். நீர்க்கோடு 32 அடி. கணக்குப்படி எல்லை 7.6 நாட். நீர்க்கோடு 30 அடி என்றால் 7.3, 34 அடி என்றால் 7.8. இந்த வித்தியாசத்துக்காக யாரும் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அது போக, அந்த எல்லையில் யாரும் நாள் முழுக்க ஓடுவதும் இல்லை. இந்த அளவுப் படகுகள் நெடும்பயணத்தில் எட்டும் சராசரி 5.5 முதல் 6 நாட் வரைதான். 2,000 கடல் மைல் தூரத்துக்கு இந்த அரை நாட் வேறுபாட்டின் விலை முப்பது மணி நேரம்.

அந்த முப்பது மணி நேரத்தைத் தீர்மானிப்பது படகில் இருப்பவர்களின் களைப்பு என்பதே என் அனுபவம். தூங்கி எழுந்தவர்கள் காற்று தணிந்ததும் சுருக்கிய பாயை விரிக்கிறார்கள். தூங்காதவர்கள் "விடியட்டும், பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சூடாகச் சாப்பிட்டவர்கள் பாயின் கயிற்றை நாலு விரல் இழுத்துச் சரிசெய்கிறார்கள். வாந்தியெடுத்துக் கிடப்பவர்கள் செய்வதில்லை. ஆகவே நடுக்கடலில் ஒரு படகின் செயல்திறன் என்றால், மனிதர்களை அது எந்த நிலையில் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கீழே எழுதியிருப்பது முழுக்க இந்தக் கண்ணோட்டத்தில்தான்.

எடை

விற்பனைத் தாளில் அச்சாகியிருப்பது வெறும் படகின் எடை. எங்கள் படகுக்கு 8 டன் என்று போட்டிருந்தது (1,016 கிலோ கொண்ட பிரிட்டிஷ் டன்). இனி ஏறுவதைக் கணக்குப் போடுங்கள். 400 லிட்டர் குடிநீர் 400 கிலோ. 250 லிட்டர் டீசல் 200 கிலோவுக்கு மேல். 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ, 60 மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ. அதன்மேல் இரண்டு மூன்று நங்கூரங்கள், உயிர்காப்பு மிதவை, ரப்பர் படகும் அதன் இயந்திரமும், பேட்டரிகள், சூரியத் தகடுகள், உதிரிப் பாகங்கள், கருவிகள், மாற்றுப் பாய்கள், வாரக்கணக்கில் உணவு, ஆட்கள். ஒன்றரை டன் என்பது தாராளக் கணக்கல்ல.

இப்போது அந்தத் தாளில் உள்ள விகிதங்கள் என்னவாகின்றன என்று பாருங்கள். எடைக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் என்று ஒன்று உண்டு. எடையை டன்னில் எடுத்து, நீர்க்கோட்டு அடிகளின் நூறில் ஒரு பங்கின் முப்படியால் வகுக்க வேண்டும். பொதுவாக 200க்குக் கீழே இலகு, 300 வரை நடுத்தரம், அதற்கு மேல் கனம் என்பார்கள். எங்கள் படகு காலியாக 244. பயணத்துக்குப் புறப்படும்போது 290. பாயின் பரப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம் 720 சதுர அடிப் பாயோடு 16.8 ஆக இருந்தது, 15 ஆக இறங்குகிறது. அதாவது வாங்கும்போது நல்ல ஓட்டக்காரியாகத் தெரிந்த படகு, புறப்படும் நாளில் மெல்லிய காற்றில் சோம்பலான படகாக மாறியிருக்கும். நீர்க்கோடும் ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும்.

இலகுவான படகை இது இன்னும் அதிகமாகத் தாக்கும். 5.5 டன் படகுக்கு இந்த ஒன்றரை டன் அதன் எடையில் கால்பங்குக்கும் மேல், எங்கள் படகுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இலகுவான படகுகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. குறைந்த சாமானோடு வாழத் தெரிந்தவர்களுக்கு அவை அருமையானவை. ஆனால் வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள், தாங்கள் ஏற்றப்போகும் எடையைச் சேர்த்தே எல்லா விகிதங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

எவ்வளவு எடை என்பதைவிட, எங்கே இருக்கிறது என்பதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். படகு முன்னும் பின்னுமாகக் குதிக்கும் குணம், எடை நடுவிலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுவிலிருந்து நான்கு மீட்டரில் உள்ள ஒரு கிலோ, ஒரு மீட்டரில் உள்ள ஒரு கிலோவைப்போலப் பதினாறு மடங்கு வேலை செய்யும். அணியத்தின் நுனியில் 140 கிலோ சங்கிலி கிடந்தால், எதிரலையில் படகு ஒவ்வொரு முகட்டிலும் ஏறத் தயங்கும், ஏறியபின் இறங்கும்போது மூக்கைக் குத்தும், குத்தும் ஒவ்வொரு முறையும் வேகம் செத்துப்போகும். நெடும்பயணத்துக்கு முன் நாங்கள் சங்கிலியின் பெரும்பகுதியை எடுத்து, பாய்மரத்தின் அடியில், தரைப்பலகைக்குக் கீழே அடுக்கி அசையாமல் கட்டிவிடுகிறோம். பின்பக்க அறையில் குவிந்துகிடக்கும் கருவிப் பெட்டிகளும் நடுவுக்கு வரும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலையால் எதிர்காற்றில் கிடைத்த மாற்றத்தை எந்தப் புதிய பாயும் எங்களுக்குத் தந்ததில்லை.

எதிர்காற்றில்

பயணப் படகுகள் காற்றை நோக்கி நேராக ஏறாது என்பது தெரிந்ததே. அலையையும் பக்கவாட்டு நழுவலையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் படகின் உண்மையான பாதை காற்றிலிருந்து ஏறத்தாழ 55 டிகிரி விலகி இருக்கும். அந்தக் கோணத்தில் 5.5 நாட் ஓடினால், காற்று வரும் திசையில் நாம் முன்னேறுவது 3.2 நாட்தான். 100 கடல் மைல் எதிர்காற்றில் போக ஒரு பகல், ஓர் இரவு, அதற்கு மேலும் ஏழெட்டு மணி நேரம்.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. படகை இன்னும் ஐந்து டிகிரி விலக்கி, 60 டிகிரியில் ஓட்டினால் வேகம் 6 நாட்டுக்கு ஏறும். முன்னேற்றம் 3.0 நாட். இழப்பு மிகச் சிறிது. ஆனால் படகுக்குள் நிலைமை தலைகீழாக மாறிவிடும். இடிப்பது நிற்கும், அடுப்பில் வைத்த பாத்திரம் நிற்கும், ஓய்வில் இருப்பவர் தூங்குவார். சில மணி நேரத்தில் அந்த 0.2 நாட்டை அவர்களே மீட்டுத் தந்துவிடுவார்கள்.

இதில் வடிவமைப்புக்குப் பெரிய பங்குண்டு. படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது அணியத்தின் அடியில் குனிந்து பாருங்கள். அடிப்பகுதி ஆழமான கூர்வடிவில் இறங்கினால் அலையைப் பிளந்துகொண்டு போகும். தட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையிலும் மொத்தப் படகும் அதிர்ந்து இடிக்கும். உள்ளே பெரிய முன்னறை வேண்டும் என்பதற்காகவே பல புதிய படகுகளின் அணியம் பருத்துவிட்டது. துறைமுகத்தில் அந்த அறையைப் பார்த்து மயங்காதவர் குறைவு. எதிரலையில் அங்கே யாரும் படுக்க முடியாது.

வடிவமைப்பாளர் டெட் ப்ரூவர் அசைவின் சுகத்தை ஓர் எண்ணாக அளக்க ஒரு சூத்திரம் தந்தார். எடை கூடினால் எண் கூடும், அகலம் கூடினால் குறையும். எங்கள் படகு காலியாக 30, சுமையோடு 35 அளவில் வருகிறது. நெடுங்கடல் பயணப் படகுகளின் நடுத்தர வரிசை அது. ஒரே அளவுப் படகுகளை ஒப்பிட இந்த எண் உதவும். ஆனால் அணியத்தின் வடிவத்தைப் பற்றியோ சங்கிலி எங்கே கிடக்கிறது என்பதைப் பற்றியோ அதற்கு எதுவும் தெரியாது.

கீலும் சுக்கானும்

படகின் அடியில் இறங்கி நிற்கும் கனமான பகுதியான கீல் பற்றிய சண்டை ஓயாதது. முழு நீளக் கீலும் அதன் பின்விளிம்பிலேயே தொங்கும் சுக்கானும் கொண்ட பழைய வடிவம் நேர்கோட்டில் நிதானமாக ஓடும், மிதக்கும் கயிறும் வலையும் எளிதில் சிக்காது, சுக்கானுக்கு நல்ல காப்பு. ஆனால் மெல்லிய காற்றில் மந்தம், துறைமுகத்தில் பின்னோக்கி ஓட்டுவது பெரும்பாடு. துடுப்புப்போல் குறுகிய ஆழமான கீலும் தனித்துத் தொங்கும் சுக்கானும் கொண்ட வடிவம் வேகமானது, நன்றாகத் திரும்பும், ஆனால் சுக்கான் பிடிப்பவர் கவனத்தை எடுக்க முடியாது. நீண்ட துடுப்புக் கீலும், முன்னால் ஒரு தாங்கு தண்டு கொண்ட சுக்கானும் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. 1970களின் முதற்பாதியில் பாப் பெர்ரி வரைந்த வேலியண்ட் 40, தண்ணீருக்கு மேலே பழைய பயணப் படகின் தோற்றமும் கீழே இந்த நவீன அமைப்புமாக வந்து, பயணப் படகும் நன்றாக ஓடலாம் என்று காட்டியது. என் தேர்வும் இந்த நடுவழிதான்.

பழைய வடிவத்தை ஒதுக்கவும் முடியாது. 1968-69 இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய சுஹைலி, மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடி முழுக்கீல் படகு. அந்தப் பயணத்தின் நினைவாக 2018 இல் மீண்டும் தொடங்கிய கோல்டன் குளோப் என்ற, தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் 32 முதல் 36 அடி வரையுள்ள, 1988க்கு முன் வடிவமைத்த, நீண்ட கீலோடு சுக்கான் ஒட்டிய படகுகளுக்கு மட்டுமே இடம். 2022 இல் புறப்பட்ட போட்டியில் இந்தியரான அபிலாஷ் டோமி இரண்டாமிடம் பிடித்தது ரஸ்லர் 36 என்ற அத்தகைய படகில். வென்ற கிர்ஸ்டன் நாய்ஷேஃபரின் படகு கேப் ஜார்ஜ் 36. மின்சார ஆட்டோபைலட்டுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. காற்றின் விசையாலேயே சுக்கானைத் திருப்பும் விண்ட்வேன்தான் மாதக்கணக்கில் ஓட்டியது. சமநிலை இல்லாத படகை எந்த விண்ட்வேனாலும் அப்படி ஓட்ட முடியாது.

சமநிலையை எப்படி அறிவது? படகு சாயும்போது பாயின் உந்துதல் படகின் நடுக்கோட்டிலிருந்து விலகி வெளியே போகிறது, அதனால் அணியம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானில் மூன்று முதல் ஐந்து டிகிரி வரை பிடித்திருப்பது இயல்பு, நல்லதும்கூட. பத்து டிகிரிக்கு மேல் பிடிக்க வேண்டியிருந்தால் சுக்கான் தடுப்பானாக வேலை செய்கிறது என்று பொருள். அப்போது பெரிய பாயை, அதாவது பாய்மரத்துக்குப் பின்னே நிற்கும் முதன்மைப் பாயை, சுருக்குங்கள். சாய்வு குறையும், சுக்கான் இலகுவாகும், வேகம் பெரும்பாலும் குறையவே குறையாது. புதிதாக எங்களோடு வருபவர்கள் இதை முதன்முறை பார்க்கும்போது வேகமானியை இரண்டு முறை பார்ப்பார்கள்.

பாயைச் சுருக்கும் நேரம் பற்றி இரண்டு விஷயங்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 நாட் 28 ஆனால் பாயின் மீது விசை ஏறத்தாழ இருமடங்கு. அடுத்தது, காற்று பின்னாலிருந்து வரும்போது ஏமாற்றும். 20 நாட் காற்றில் 6 நாட் ஓடும் படகில் உணரப்படுவது 14 நாட்தான். யாராவது கடலில் விழுந்து படகைத் திருப்ப நேர்ந்தால் அதே காற்று 24, 25 ஆகத் தாக்கும். பின்காற்றில் போகும்போதும் உண்மைக் காற்றின் வேகத்தைப் பார்த்தே பாயைச் சுருக்குகிறோம்.

பாய் அமைப்பில் என் விருப்பம் கட்டர். முன்னால் ஜெனோவா என்ற பெரிய முன்பாய், அதற்குப் பின்னே உள்ளே தள்ளி ஸ்டேசெயில் என்ற சிறிய முன்பாய். காற்று ஏறியதும் ஜெனோவாவைச் சுருட்டிவிட்டு, சுருக்கிய பெரிய பாயும் ஸ்டேசெயிலும் மட்டும் வைத்தால் விசை நடுவுக்கும் கீழேயும் வந்துவிடும். பாதி சுருட்டிய ஜெனோவா முன்னே பருத்த உருளையாக நின்று எதிர்காற்றில் எதற்கும் உதவாது.

கவிழ்தலும் நிமிர்தலும்

இங்கிலாந்திலிருந்து அயர்லாந்து அருகே உள்ள பாறையைச் சுற்றி வரும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் 1979 இல் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான படகுகளே முடித்தன. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்தது ஒன்றே ஒன்று: அசென்ட் என்ற கான்டெஸா 32. குறுகலான, ஆழமான, கீலில் கனம் வைத்த படகு. அதன் பிறகு நடந்த ஆய்வுகளில்தான் கவிழ்தல் பற்றிய பல விஷயங்கள் தெளிவாயின. உடையும் அலை பக்கவாட்டில் தாக்கினால், அலையின் உயரம் படகின் நீளத்தில் 30 சதவீதத்தைத் தொடும்போதே சில படகுகள் கவிழ்ந்தன. 60 சதவீதத்தில் எந்த வடிவமும் தப்பவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கவிழ்ந்தபின் எவ்வளவு சீக்கிரம் நிமிரும் என்பது.

அந்த ஆய்வுகளையொட்டி ஓர் எளிய சூத்திரம் வந்தது: அகலத்தை அடியில் எடுத்து, பவுண்டில் உள்ள எடையை 64 ஆல் வகுத்த கனமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் நெடுங்கடலுக்கு ஏற்றது. எங்கள் படகுக்கு 1.83. இந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். கீலில் உள்ள ஈயத்தை எல்லாம் கழற்றிப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் சூத்திரம் அதே 1.83 தான் சொல்லும். எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அதில் இல்லை.

கேட்டு வாங்க வேண்டியது நிலைப்பு வரைபடம். எத்தனை டிகிரி சாயும்வரை படகு தானே நிமிரப் பார்க்கும் என்பதை அது காட்டும். 120 டிகிரிக்குக் குறைவான படகில் நான் நெடுங்கடல் போகமாட்டேன். வரைபடத்தில் பூஜ்யக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பையும் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் தலைகீழான படகு அப்படியே நிலைத்துவிடும். ஐரோப்பியத் தரப்பிரிவில் 'ஏ' (நெடுங்கடலுக்கான பிரிவு) என்று அச்சிட்டிருப்பது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு பொருளும், ரேடாராகட்டும், பாய்மரத்துக்குள் சுருளும் பெரிய பாயாகட்டும், இந்தக் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

போல்ட் போட்டு மாட்டிய கீல் என்றால் அதன் இணைப்பைத் தகுதியுள்ளவரை வைத்துச் சோதிக்காமல் வாங்கவே கூடாது. 2014 இல் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்து நான்கு பேரைப் பலிகொண்டது. தரைதட்டிய வரலாறு உள்ள படகில், கீலுக்கு மேலே உட்புறச் சட்டகம் ஒட்டு விட்டிருக்கிறதா என்பதைத் தரைப்பலகைகளைத் தூக்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே

கடலில் படுக்க அகலமான கட்டில் தேவையில்லை. படகின் நடுவில், 55, 60 சென்டிமீட்டர் அகலத்தில், பக்கத்தில் உறுதியான துணித் தடுப்பு கட்டிய இரண்டு படுக்கைகள் போதும். அவை இல்லாத படகில் மற்ற எல்லா அழகும் வீண். சமையல் இடம் மூன்று பக்கமும் சூழ்ந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அடுப்பு சாய்வுக்கேற்பத் தானே ஆட வேண்டும். கைப்பிடிகள் எங்கும் வேண்டும், உங்கள் குடும்பத்தில் மிகக் குள்ளமானவர் கைக்கும் எட்ட வேண்டும். சுக்கான் பிடிப்பவர் அமரும் திறந்த குழிவான காக்பிட்டில் எதிர் இருக்கையில் கால் ஊன்ற முடிய வேண்டும். அது நிரம்பினால் ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர், எனவே வடிகால் குழாய்கள் பெரிதாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஒன்றே ஒன்றாக இருந்தால் ஒரு கசிவில் குடிநீர் முழுதும் போய்விடும், பாதி காலியானால் உள்ளே ததும்பும் நீர் படகின் அசைவோடு சேர்ந்து ஆடும். இரண்டு மூன்று தொட்டிகளாகப் பிரிந்திருப்பது நல்லது.

சோதனை ஓட்டம்

தரகர்கள் அமைதியான காலையில் கூட்டிப்போவார்கள். 18, 20 நாட் காற்றும் கொஞ்சம் அலையும் உள்ள நாளுக்காகக் காத்திருங்கள். எதிர்காற்றில் ஓட்டிச் சுக்கானை விட்டுப் பாருங்கள்: நல்ல படகு மெல்லக் காற்றை நோக்கித் திரும்பும், வெடுக்கென்று திரும்பாது. ஒருவரைக் கீழே அனுப்பித் தேநீர் போடச் சொல்லுங்கள், இன்னொருவரைப் படுக்கச் சொல்லுங்கள், கழிவறையையும் அந்தச் சாய்விலேயே பயன்படுத்திப் பாருங்கள். பாயைச் சுருக்குங்கள், ஒரே ஆளாக, எத்தனை முறை காக்பிட்டை விட்டு எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு.

பிறகு படகைக் கடலில் நிறுத்திப் பாருங்கள். முன்பாயைத் தவறான பக்கத்தில் இழுத்துக் கட்டி, சுருக்கிய பெரிய பாயைத் தளர்த்தி, சுக்கானைக் காற்றுப் பக்கம் திருப்பும் வகையில் பூட்டினால், காற்றுக்கு 45, 50 டிகிரியில் படகு மெல்ல நழுவியபடி நிற்க வேண்டும். நீண்ட கீல் உள்ளவை சுலபமாக நிற்கும், குறுகிய கீல் உள்ளவற்றில் ஸ்டேசெயிலையும் சுக்கானையும் மாற்றி மாற்றி அந்த நிலையைத் தேட வேண்டியிருக்கும். கடும் காற்றில் சமைக்க, தூங்க, பழுது பார்க்க, இருட்டில் துறைமுக வாயிலுக்கு வெளியே விடியும்வரை காத்திருக்க எங்களுக்கு மிக அதிகமாக உதவியது இந்த ஒரு வித்தைதான்.

கடைசியாக, சக்கரச் சுக்கான் உள்ள படகில், சக்கரம் பழுதானால் சுக்கானைத் திருப்ப உதவும் அவசரக் கைப்பிடியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தரகருக்கே தெரியாமல் இருக்கலாம். அதைப் பொருத்தி அரை மணி நேரம் படகை ஓட்டுங்கள். பின்னறைக் கட்டிலின் மெத்தையைத் தூக்கினால்தான் பொருத்த முடியும் என்ற படகுகள் உண்டு, சக்கரத்தின் தூணில் இடித்துக்கொண்டு இருபது டிகிரிக்கு மேல் திரும்பாத கைப்பிடிகளும் உண்டு. அப்படி இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே வேறு கைப்பிடி செய்துதர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.